தோஹாவிலிருந்து செடி வளர்ப்பவர்

சக்குலண்ட் என்னும் சதைப்பற்றுச் செடி வளர்ப்பவர்களில் இரண்டு வகை உண்டு. செடி இருக்கும் இடத்தில் தானும் இருப்பவர் முதல் வகை. அவரைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. நகத்தில் மண் இருக்கும், அதிகம் பேச மாட்டார், செடி செத்தால் பிடுங்கிப் போட்டுவிட்டு வேறொன்று வைப்பார். நமக்கு வேண்டியவர் இரண்டாம் வகை. செடி தென்காசியில் இருக்கும். இவர் தோஹாவில் இருப்பார். தோஹா இல்லையென்றால் தம்மாம், குவைத், சிங்கப்பூர். நடுவில் ஒரு கடல், ஒரு போன், ஒரு மனைவி.

இவரை எப்படி அடையாளம் காண்பது? சுலபம். வெள்ளிக்கிழமை மத்தியானம் நண்பர் அறையில் சகன் தட்டைச் சுற்றி உட்கார்ந்து எல்லாரும் பிரியாணியில் கைவைத்திருக்கும்போது, இவர் மட்டும் இடது கையால் போனைச் சாய்த்துப் பிடித்து, எதையோ பெரிதாக்கிப் பார்த்து, நெற்றியைச் சுருக்கி, 'த்சொ' என்று நாக்கை ஒரு சொடுக்குச் சொடுக்குவார். என்ன என்று கேட்டுவிடாதீர்கள். நான் சொல்லியும் கேட்டுவிட்டீர்கள் என்றால் காட்டுவார். ரோஜாப்பூவைப் பச்சைச் சதையில் செய்து வைத்த மாதிரி ஒரு செடி. அதன் அடிவரிசையில், நீங்கள் காணாத, கண்ணாடி போட்டாலும் காண முடியாத ஒரு இலையில், மிளகளவு மஞ்சள். "பாத்தீங்களா?" என்பார். பார்க்கவில்லை என்று சொன்னால் பார்க்கும் வரை விட மாட்டார். பார்த்தேன் என்று சொன்னால் ஏன் அப்படி ஆயிற்று என்று விளக்குவார். பிரியாணி ஆறிவிடும்.

பூமியில் எத்தனையோ செடிகள் இருக்க இவர் ஏன் இலைக்குள்ளேயே தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொண்டு வெயிலில் சும்மா உட்கார்ந்திருக்கும் இந்த இனத்தைப் பிடித்துக்கொண்டார்? நியாயமான கேள்வி. செடி வளர்ப்பு வீடியோவில் சொன்னார்கள்: இது தினமும் தண்ணீர் கேட்காது, உரம் கேட்காது, பக்கத்தில் ஆள் இருக்க வேண்டியதில்லை, கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டால் இன்னும் நன்றாக வளரும். வருஷத்தில் பதினோரு மாதம் வீட்டில் இல்லாத ஒரு மனிதருக்கு இதைவிட ஆறுதலான செய்தி உண்டா? இல்லாதவர்கள் வளர்ப்பதற்கென்றே படைக்கப்பட்ட செடி!

ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் சக்குலண்ட் வளர்ப்பின் முதல் பாடம். அந்த ஒன்றும் செய்யாமையை வெளிநாட்டிலிருந்து சரியாக நடத்துவதற்கு ஒரு நாளைக்கு ஏழெட்டு போன் ஆகும்.

நம்முடைய மாதிரிக்கு யஹ்யாவை எடுத்துக்கொள்வோம். தோஹாவில் லிஃப்ட் பழுதுபார்க்கும் ஒரு கம்பெனியின் அலுவலகத்தில் இருக்கிறார். யாருடைய லிஃப்ட் எந்த மாடியில் நின்றுவிட்டது என்று இருந்த இடத்திலிருந்தே கண்டுபிடித்து, இருந்த இடத்திலிருந்தே ஆளை அனுப்புவது அவர் வேலை. தொழில் புத்தி வீட்டுக்கும் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கெட்டவர் அல்ல. பெருநாளைக்குத் துணி எடுத்து அனுப்ப மறந்ததில்லை. யாரிடமும் குரல் உயர்த்தியதில்லை. செடி விஷயம் வேறு.

போன தடவை லீவில் வந்தபோது பெட்டியைத் திறந்தார். வெளிநாட்டுப் பெட்டி திறக்கும் சடங்கு உங்களுக்குத் தெரியாததா? வீட்டார் சுற்றி நிற்பார்கள். பால்பவுடரும் சோப்பும் தைலமும் வருவதற்குக் கண்கள் ஏற்கனவே இடம் ஒதுக்கி வைத்திருக்கும். யஹ்யாவின் பெட்டியிலிருந்து மூட்டை மூட்டையாக வெள்ளைக் கல் வந்தது. பொரி மாதிரி லேசான கல். பெர்லைட்டாம். செடி மண்ணோடு கலந்தால் தண்ணீர் தங்காதாம். அவருடைய மாமியார் ஒரு கை அள்ளிப் பார்த்துவிட்டு, "ஜவ்வரிசியா மாப்ள? பாயாசத்துக்கா?" என்று கேட்டார். சிற்றாறு ஓடும் ஊருக்கு விமானத்தில் கல் சுமந்து வந்த முதல் மனிதர் யஹ்யாவாகத்தான் இருக்க வேண்டும்.

பிறகு கூரியரில் செடிகள் வந்தன. ஒவ்வொன்றும் காகிதத்தில் சுற்றி, புதுப் பிள்ளையைப் போல. எல்லாவற்றுக்கும் லத்தீனில் பெயர். பெற்ற மகளை அழைப்பது போல யஹ்யா அந்தப் பெயர்களைச் சொல்லி அழைப்பார். மனைவி சஃப்ரின் கல்லூரியில் தாவரவியல் படித்தவள். அவளுக்கும் அந்தப் பெயர்கள் தெரியும். ஆனால் அவளிடம் யாரும் கேட்கவில்லை. பக்கத்து மாடி வள்ளித்தாய் இந்தத் தொந்தரவே இல்லாமல் எல்லாவற்றுக்கும் தானே பெயர் வைத்துவிட்டாள். ரோஜா அடுக்கு மாதிரி இருந்தது 'கோசு'. கூழாங்கல்லைப் பிளந்து வைத்த மாதிரி இருந்தது 'கல்லு'. மணி மணியாகத் தொங்கிய, யஹ்யா உயிரையே வைத்திருந்த முத்துச்சரம் அவள் அகராதியில் 'சுண்டைக்கா'.

"ஏட்டி சஃப்ரினு, எங்கூரு சுந்தரபாண்டியபுரத்துல வயக்காட்டு வேலி பூராம் கள்ளிதான் கெடக்கு. ஆடு கூட மோந்து பாக்காது. இத ஒம்மாப்ள பொட்டில வச்சு வரவழைக்காரு?"

"அது வேற, இது வேறங்காவ அக்கா."

"என்ன வேற?"

"அது தானா வளருது."

லீவு முடியும் வரை யஹ்யா செடிகளைத் தொட்டுப் பார்த்தாரா? இல்லை. மாடியில் கேமரா மாட்டும் ஆளைத் தேடிக்கொண்டிருந்தார். கேமரா மாட்டியதும் கிளம்பிவிட்டார். "நான் மட்டும் அங்கன இருந்தா..." என்று இன்றைக்கும் தொடங்குவார். இருந்தால் என்ன ஆகும் என்பதை யாரும் பார்த்ததில்லை.

இந்த இனத்துக்கு ஒரு வாட்ஸப் குழு இல்லாமல் இருக்குமா? இருக்கிறது. 'சதைப்பற்றுச் சொந்தங்கள்' என்று பெயர். உறுப்பினர்கள் எல்லாருடைய செடியும் இந்தியாவில், உறுப்பினர் ஒருவர் கூட இந்தியாவில் இல்லை. அங்கே மண் கலவை பற்றி மத்தியானம் முழுக்கச் சண்டை நடக்கும். செடி செத்துவிட்டால் ஆளுக்கு ஒரு குரல்பதிவில் துக்கம் விசாரிப்பார்கள், கடைசியில் ஒருவர் மெதுவாகக் கேட்பார்: "வீட்ல கவனிக்கலையோ?" 'வீட்ல' என்பது யார் என்று எல்லாருக்கும் தெரியும்.

தண்ணீர் ஊற்றலாமா என்பதைக் கண்டுபிடிக்க ஒரு முறை வைத்திருக்கிறார்கள். ஐஸ்குச்சியைச் சட்டி மண்ணுக்குள் அடிவரை செருகி எடுக்க வேண்டும். ஈரம் ஒட்டியிருந்தால் ஊற்றக் கூடாது. இதை யார் வேண்டுமானாலும் செய்யலாம். ஆனால் குச்சியைப் படிக்கும் அதிகாரம் தோஹாவுக்குத்தான்.

"குச்சியக் காட்டு."

"இந்தா பாருங்க."

"ஈரமா இருக்கு."

"ஈரம் இல்லங்க, நெழலு."

"வெளிச்சத்துல காட்டு. அங்கன இல்ல, இங்கன. ஆங்... ஈரம்தான்."

"நான் தொட்டுப் பாக்கேன்லா, காஞ்சு கெடக்கு."

"தொட்டுப் பாத்தா தெரியாது சஃப்ரின். பாத்தாத்தான் தெரியும்."

இதெல்லாம் மற்ற மாதங்களில். ஆனி பிறந்தால் கதையே வேறு.

செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று புகுந்து, மலைமேல் மேகம் இறங்கி, மழை என்றும் சொல்ல முடியாமல் மழையில்லை என்றும் சொல்ல முடியாமல் பூப்போலச் சாரல் விழத் தொடங்கினால், மதுரையிலிருந்து, சென்னையிலிருந்து, எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்து குற்றாலத்தில் இறங்கி முகத்தை உயர்த்தி நிற்பார்கள். ஒரு நிமிஷம் வெயில், மறு நிமிஷம் சாரல், இரண்டும் சேர்ந்து ஒரு வானவில். ஊரே சிரித்துக்கொண்டிருக்கும். அந்தச் சாரலைத் திட்டிய ஒரே தென்காசிக்காரர், மழையே இல்லாத ஊரில் ஏசி அறையில் உட்கார்ந்திருந்தார்.

காரணம் இருக்கிறது. சாரல் பட்டால் செடி அழுகும். சாரலுக்குப் பயந்து மாடியிலிருக்கும் தகரக் கொட்டகைக்குள்ளேயே வைத்தால், வெயிலைத் தேடிக் கழுத்தை நீட்டிக்கொண்டு கோணலாகும். ஆகவே வெயில் அடித்தால் வெளியே, சாரல் விழுந்தால் உள்ளே. இதைப் படிக்கும்போது எவ்வளவு எளிது! சீசன் மாதத்தில் தென்காசியில் வெயிலும் சாரலும் ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை தடவை முறை மாற்றிக்கொள்ளும் என்பது, அங்கே துணி காயப்போட்டவர்களுக்குத் தெரியும்.

"சஃப்ரின், மேகம் வருது."

"தெரியும்ங்க. எங்க தலைக்கு மேலதான வருது."

"உள்ள எடு."

எடுப்பாள். எடுத்து முடித்துப் படியில் பாதி இறங்கியிருப்பாள். போன் அடிக்கும்.

"வெயிலு வந்துட்டு பாரு. வெளிய வை."

வைப்பாள். அடுப்பில் வைத்த பால் பொங்கி ஊற்றியிருக்கும். போன் அடிக்கும்.

"சாரல்! சாரல்! என்ன செஞ்சிக்கிட்டு இருக்க? கோசு நனையுது!"

வள்ளித்தாய் வைத்த பெயர் தோஹாவரைக்கும் போய்விட்டதை அவர் கவனிக்கவில்லை.

இடுப்பில் கைவைத்துப் பக்கத்து மாடியிலிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த வள்ளித்தாய் ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டாள்: "பிள்ள பெத்தவளையே நாப்பது நாளு கழிச்சு வெளிய விட்டுருதாவ. நீ எப்பட்டி வெளிய வருவ?"

சஃப்ரின் சிரித்தாள். அப்புறம் சிரிக்கவில்லை. ஏனென்றால் செடிகள் வந்த பிறகு வந்த சீசனில் அவள் ஒருமுறை கூட அருவிக்குப் போகவில்லை. மினி பஸ் ஏறினால் அரைமணி நேரம். அதற்கு முந்தைய சீசன்களில் யாராவது 'ஐந்தருவியில நல்ல தண்ணி' என்று சொன்னால் போதும், மாற்றுத்துணி எடுக்கும் முதல் கை அவளுடையதாக இருக்கும். இப்போது அந்தச் செய்தி காதில் விழுந்தால் வானத்தைப் பார்க்கிறாள்.

இந்தச் சீசனில் அவளுடைய அக்கா ஜன்னத் கோலாலம்பூரிலிருந்து பிள்ளைகளோடு வந்திறங்கினாள். சனிக்கிழமை திரும்ப வேண்டும். மறுபடி எந்த வருஷம் வருவாளோ தெரியாது. அவள் கேட்டது ஒன்றே ஒன்று: தங்கச்சியோடு ஒரு நாள் அருவியில் குளிக்க வேண்டும். சஃப்ரினுக்கும் இந்த வருஷம் வேண்டியது அது ஒன்றுதான்.

"என்னங்க, புதன்கிழமை ராத்தா ஐந்தருவிக்குப் போவோம்ங்கா. நானும் போயிட்டு மத்தியானத்துக்குள்ள வந்துருதேன்."

தோஹாவில் யஹ்யா கேமராப் படத்தை ஒருமுறை பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டார்.

"போ. யாரு வேண்டாம்னா?"

நம்முடைய ஆள் எதையும் 'வேண்டாம்' என்று சொல்லவே மாட்டார். அது அவருடைய பெருமைகளில் ஒன்று. 'ஆனா' என்றுதான் சொல்வார்.

"ஆனா செடி?"

"உள்ள வச்சிட்டுப் போறேன்."

"காலைலருந்து இருட்டுலயா? ஏற்கனவே வெயில் பத்தல. கழுத்து நீண்டுரும்."

"அப்பம் வெளிய வச்சிட்டுப் போறேன்."

"சாரல் விழுந்தா?"

"விழத்தான் செய்யும். சாரல் விழுதுன்னுதான அருவிக்கே போறோம்!"

"கோவப்படாத. வள்ளியக்காட்ட சொல்லு."

வள்ளித்தாயிடம் சொல்லப்பட்டது. "ஒங்கக்கா பிள்ளையள வேணும்னா வருசம் பூராம் பாத்துக்கிடுதேன் தாயி. அந்தக் கோசுப் பண்ணைக்கு என்னைய ஆயாவா வைக்காத" என்று அவள் சொல்லிவிட்டாள்.

ஒரு இரவு முழுக்க யோசித்து யஹ்யாவே வழி கண்டுபிடித்தார். காலையில் அவர் குரலில் அப்படியொரு குளிர்ச்சி. நல்ல செடியாகப் பார்த்து எடுத்து வேனில் வைத்துக்கொண்டு போனால் என்ன? கண்ணாடி வழியாக வெளிச்சம் விழும், சாரல் விழாது. மற்றவை ஒரு நாள் உள்ளே இருக்கட்டும். "நீயும் குளிச்ச மாதிரி ஆச்சு, செடிக்கும் வெளிச்சம் கெடச்ச மாதிரி ஆச்சு." இரண்டையும் ஒரே வாக்கியத்தில் வைத்தார். அவரைப் பொறுத்தவரை அது பெரிய விட்டுக்கொடுப்பு.

சஃப்ரின் யோசித்தாள். போகாமலிருப்பதைவிடச் செடியோடு போவது மேல் என்று முடிவு செய்தாள். உங்கள் வீட்டிலும் இப்படித்தான் முடிவுகள் எடுக்கப்படுகின்றன, உங்களிடம் சொல்வதில்லை.

புதன்கிழமை காலை வேன் வந்தது. ஓட்டுநர் இசக்கிப்பாண்டி செங்கோட்டைக்காரர். சன்னலோர இருக்கைகளில் எல்லாம் சட்டிகள் ஏறின. கோலாலம்பூரிலிருந்து அருவி பார்க்க வந்த பிள்ளைகள் சன்னல் இல்லாத நடு இருக்கையில் ஒருவர் மடியில் ஒருவராக உட்கார்ந்தார்கள்.

"என்னம்மா, இதெல்லாம் குளிக்குமா?" என்று கேட்டார் இசக்கிப்பாண்டி.

"குளிக்காது அண்ணாச்சி. குளிச்சா செத்துரும்."

"அப்பம் எதுக்கு அருவிக்கு வருது?"

இதற்குப் பதில் தோஹாவில் இருந்தது.

ஐந்தருவி வண்டி நிறுத்துமிடத்தில் சஃப்ரினுடைய போனை வேனின் முன்பக்கம், பின்னால் பார்க்கும்படி நிறுத்தி, வீடியோ காலில் யஹ்யாவை உட்கார வைத்தார்கள். காவலுக்கு ஆள் வந்தாயிற்று. அவர் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"கண்ணாடிய ஒரு நாலு வெரக்கடை எறக்கி வை."

"எதுக்கு?"

"காத்து இல்லன்னா செடி வெந்துரும்."

"இங்கன குரங்கு கெடக்குங்க."

"நான்தான் பாத்துக்கிட்டே இருக்கேன்லா."

கண்ணாடி இறங்கியது. இசக்கிப்பாண்டி டீ குடிக்கப் போனார். அக்காவும் தங்கையும் பிள்ளைகளும் துண்டை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். ஓடினார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்; நடந்தால் போன் கூப்பிட்டுவிடுமோ என்று சஃப்ரினுக்குப் பயம்.

பெண்கள் பகுதியில் நல்ல கூட்டம். நல்ல தண்ணீர். முதலில் தோளில் விழுந்தபோது சஃப்ரின் 'யா அல்லாஹ்' என்று மூச்சுவிட்டாள். பிறகு தலையைக் கொடுத்தாள். தலைக்குள் இருந்த அத்தனை சத்தமும் அந்த ஒரு சத்தத்தில் அடங்கிப்போனது. ஜன்னத் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ கத்தினாள், கேட்கவில்லை, இவளும் பதிலுக்கு ஏதோ கத்தினாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். உள்ளே எடு, வெளியே வை என்று யாரும் சொல்லவில்லை. இவ்வளவுதான் நடந்தது. இதற்காகத்தான் இவ்வளவும்.

இனி வேனுக்குள் நடந்ததை நேரில் கண்ட சாட்சி ஒருவர்தான். அவர் அரபிக் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தார்.

நாலு விரற்கடை வழியாக முதலில் ஒரு கை வந்தது. கண்ணாடியைப் பிடித்துத் தொங்கி, ஆட்டி, இன்னும் ஒரு சாண் இறக்கியது. பிறகு மொத்தக் குரங்கும் வந்தது. நிதானமான குரங்கு. சீசன் கூட்டத்தில் ஐஸ்கிரீமும் சிப்ஸும் பிடுங்கித் தின்று நாகரிகம் தெரிந்தது. வந்த உடனே எதையும் தொடவில்லை. இருக்கைமேல் உட்கார்ந்து, எதிரே வைத்திருக்கும் பதார்த்தங்களை வரிசையாக ஒரு பார்வை பார்த்தது.

"ஏலே!" என்றார் யஹ்யா.

குரங்கு சுற்றுமுற்றும் பார்த்தது. ஆளைக் காணோம். கூழாங்கல் செடியைப் பிடுங்கிக் கடித்துப் பார்த்துத் துப்பியது.

"ஏலே! வைலே! சவமே, கீழ வைலே!"

தோஹா அலுவலகத்தில் பக்கத்து மேஜை மலையாளி எழுந்து நின்றார். யஹ்யாவும் எழுந்துதான் நின்றுகொண்டிருந்தார். குரங்கு ரோஜா அடுக்கை மடியில் வைத்து, முட்டைக்கோஸை உரிப்பது போல இலை இலையாக உரித்துத் தின்றது. வள்ளித்தாய் வைத்த பெயருக்கு அன்றைக்குத்தான் ஒரு சாட்சி கிடைத்தது. பிறகு அது முத்துச்சரத்தின் பக்கம் திரும்பியபோது யஹ்யாவின் குரல் மாறியது. அதட்டல் போய்விட்டது. "ராசா, அது வேண்டாம் ராசா. நீ அந்தப் பக்கத்துல இருக்கத எடுத்துக்கிடு. இது மட்டும் வேண்டாம்ய்யா" என்று, மேனேஜரிடம் லீவு கேட்கும்போது கூட இல்லாத பணிவோடு கெஞ்சினார். குரங்கு முதன்முறையாகப் போனுக்குக் கிட்டே வந்து, அவர் முகத்தை உற்றுப் பார்த்து, ஒரு சரத்தை வாயில் வைத்து உருவியது. திராட்சைக்குலை மாதிரி.

எட்டு மணி நேரம் ஓயாமல் கண்காணிக்கலாம். அது ஒன்றைத் தடுக்கும் என்று யார் சொன்னது?

ஈரத் துணியோடு சஃப்ரின் முதலில் வந்தாள். வேன் கதவைத் திறந்ததும் குரங்கு சட்டியோடு பாய்ந்தது. அவள் பழக்கதோஷத்தில் சட்டியைப் பிடித்தாள். அது விட்டுவிட்டு, போகிற போக்கில் மணிக்கட்டில் ஒரு பிராண்டு பிராண்டிவிட்டுப் போனது. சட்டி அவள் கையில் இருந்தது. சட்டியில் மண்ணும் இரண்டு மூன்று மணியும் இருந்தன. ரத்தம் சொட்டியது.

"சஃப்ரின்! சஃப்ரின்! கிட்டக் கொண்டா. வேரு இருக்கா?"

"என்னங்க, குரங்கு கீறிட்டு..."

"தெரியும், பாத்தேன். கைய எடு, மறைக்குது. வேரக் காட்டு."

பின்னால் வந்த ஜன்னத் போனைப் பிடுங்கினாள். ஈர முடி முகத்தில் ஒட்டியிருக்க, மூச்சு வாங்கிக்கொண்டு, தங்கையின் மணிக்கட்டைத் தூக்கித் திரைக்கு நேரே பிடித்தாள்.

"மாப்ள, நல்லாப் பாத்துக்கிடுங்க. இது ஒங்க வீட்ல வளருததுதான். தண்ணியும் ஊத்தல, வெயில்லயும் வைக்கல. இருந்தாலும் இன்னும் சாவல."

போன் அணைந்தது.

அரசு ஆஸ்பத்திரியில் காயத்தைக் கழுவி ஊசி போட்டார்கள். குரங்குக் கீறலுக்கு ஒரு ஊசியோடு விட மாட்டார்கள். மறுபடி வரும் நாட்களைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். வழியெல்லாம் ஜன்னத் திட்டிக்கொண்டே வந்தாள். சஃப்ரின் "தண்ணி நல்லா இருந்துல்லா ராத்தா?" என்று மட்டும் கேட்டாள்.

அன்று சாயங்காலம் யஹ்யா கூப்பிட்டார். மனிதர் திருந்த மாட்டார் என்று சொல்லக் கூடாது. முதல் கேள்வி, "கை எப்படி இருக்கு?" என்பதுதான். நல்லா இருக்கு என்றாள். ஊசி வலிக்குதா என்றும் கேட்டார். இல்லை என்றாள். கரிசனம் இரண்டு கேள்விவரை தாக்குப்பிடித்தது.

"அந்த மிச்சம் இருக்க மூணு மணியப் பெர்லைட்டுல போட்டு வச்சியா?"

"வைக்கேன்ங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள். போனை.

வியாழக்கிழமை காலை நல்ல வெயில். கேமராவில் செடிகள் எல்லாம் வெளியே வரிசையாக இருந்தன. யஹ்யாவுக்கு நிம்மதி. பார்த்தீர்களா, ஆயிரம் கோபம் இருந்தாலும் பொறுப்பான பெண் என்று பக்கத்து மேஜைக்காரரிடம் கூடச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் கேமராக் கண்ணாடியில் ஒரு துளி விழுந்தது. பிறகு ஒன்று. பிறகு சாரல்.

போன் அடித்தார். எடுக்கவில்லை. சாரல் பலத்தது. செடிகள் குடித்தன. போன் அடித்தார், அடித்தார், அடித்தார். கடைசியில் வள்ளித்தாயைக் கூப்பிட்டார்.

"அக்கா, சஃப்ரின் எங்க?"

"குளிக்கப் போயிருக்கா தம்பி."

"நேத்துதான போனா?"

"நேத்துப் போனா இன்னைக்குப் போவக் கூடாதா? பழைய குற்றாலத்துக்குப் போயிருக்காளுவ. கையில பாலித்தீன் பையச் சுத்திக் கட்டிக்கிட்டு, பிள்ளையளுக்கு ஒப்பமாக் குதிச்சிக்கிட்டுப் போறா."

"போன எடுக்க மாட்டேங்கா."

"போனு எங்க அடுக்களையிலலா கெடக்கு. நீங்கதான் அடிச்சியளா? நான் பாட்டுன்னு நெனச்சேன்."

"அக்கா, சாரல் விழுது. அந்தச் செடிய மட்டும் கொஞ்சம்..."

"ஆமா தம்பி, அருமையான சாரலு. இந்த வருசம் இப்பிடி விழல. நீங்களும் அங்கன இருந்து நல்லாப் பாருங்க."

பார்த்தார். வேறென்ன செய்வார்? சாரல் நின்றது, வெயில் வந்தது, மறுபடி சாரல் விழுந்தது. கொட்டகை ஐந்தடி தூரத்தில் இருந்தது. வெள்ளிக்கிழமையும் கேமராவில் ஆளில்லை. சனிக்கிழமை அக்காவை வழியனுப்பிவிட்டு வந்த சஃப்ரின் மாடிக்கு வந்தாள், துணி எடுத்தாள், கேமராவைப் பார்த்து நல்ல கையை ஒருமுறை ஆட்டினாள், இறங்கிப் போய்விட்டாள். அடுத்த வாரம் இலைகள் கண்ணாடி மாதிரி ஊதி, ஒவ்வொன்றாக வெடித்து, சட்டிக்குள்ளேயே கூழாயின. அவ்வளவையும் மிகத் தெளிவான படத்தில், இருட்டிலும் தெரியும் வசதியோடு, தோஹாவில் இருந்தபடியே ஒருவர் பார்த்தார். அந்தச் சீசனில் சஃப்ரின் எத்தனை முறை அருவிக்குப் போனாள் என்பது அவருக்கு இன்னும் தெரியாது.

இதுவரை சிரித்துக்கொண்டு வந்த நீங்கள், 'நல்லவேளை, நான் செடி வளர்க்கவில்லை' என்று நினைக்கிறீர்கள். சக்குலண்ட் வேண்டுமென்று யார் சொன்னது? கட்டிக்கொண்டிருக்கும் வீட்டின் இரண்டாம் மாடி போதும். உறை போட்டு நிறுத்தியிருக்கும் கார் போதும். மகனுடைய கணக்கு மார்க், வாப்பாவின் சர்க்கரை அளவு, கிணற்றடி மோட்டார், எது வேண்டுமானாலும் போதும். தூரத்திலிருந்து பார்த்து, தூரத்திலிருந்து சொல்லி, தூரத்திலிருந்து கவலைப்பட முடிந்தால் சரி. அக்கறை இல்லாதவருக்கு இந்த நோய் வராது. அதுதான் இதில் உள்ள சங்கடம்.

சந்தேகமாக இருந்தால் இன்றைக்கே சோதித்துப் பாருங்கள். வீட்டுக்கு வீடியோ கால் போடுங்கள். எதையும் கேட்காதீர்கள். எடுத்தவர் உங்களைப் பார்த்துச் சிரித்து, உட்கார்ந்து, ஊர்க்கதை பேசத் தொடங்கினால் நீங்கள் பிழைத்தீர்கள். எடுத்த வேகத்தில், சலாமோ வணக்கமோ சொல்வதற்கு முன்பே, நீங்கள் கேட்காமலேயே, தன் முகத்தை ஒதுக்கிப் போனை வேறெங்கோ திருப்பிப் பிடிக்கிறார் என்று வையுங்கள். அப்போது உங்கள் வாயிலிருந்து என்ன வருகிறது என்று கவனியுங்கள்.

'கொஞ்சம் கிட்டக் காட்டு' என்றுதானே?